ஊரறிந்த ரகசிய எண்

கோட்டைக்குப்பத்தில் ரகசியம் தங்காது. யாருக்கு எத்தனை கிலோ இறால் பட்டது என்பது படகு கரை சேருமுன்னே ஏலம் கூறுகிறவர் காதுக்கு வந்துவிடும். பழவேற்காடு ஏரியில் இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக்கூட ‘பாடு’ என்று முறை வைத்து, ஊரறியப் பிரித்துக்கொள்கிறவர்கள் நாங்கள். முறை தவறினால் பஞ்சாயத்து. எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பதுதான் இங்கே காவல். இந்த ஊரிடம் வந்து வங்கி சொல்கிறது: நாலு இலக்க எண் தருகிறோம், பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதே.

மீன் விற்கும் என் சித்தியிடம் இரண்டு அட்டைகள் உண்டு. ஒன்று சாதாரண ஏடிஎம் அட்டை. இன்னொன்று, 2018 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் என்று அறிவித்த கிசான் கடன் அட்டை. ஏர் பிடிக்காதவருக்கு உழவர் அட்டை. இரண்டும் ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில், மீன் செதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டுக்கும் ஒரே பின் நம்பர்.

அந்த நம்பர் எங்கள் படகின் பதிவு எண்ணில் கடைசி நாலு இலக்கம். கடலோரக் காவல்படை தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் என்று படகின் இரண்டு பக்கமும் பெயின்டில் பெரிதாக எழுதியிருப்பது. “மறந்தா கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்ல?” என்றாள் சித்தி. பொன்னேரி ஏடிஎம்மில் அதைப் பையன் ஒருவனிடம் சத்தமாகச் சொல்லி அழுத்தச் சொல்வாள். பின்னால் நிற்கும் வரிசை, அவன் சரியாக அழுத்துகிறானா என்று கவனமாகப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தபோது போன். கை ஈரம், அதனால் ஸ்பீக்கரில்.

“மேடம், பேங்க்லருந்து பேசுறோம். உங்க கார்டு பிளாக் ஆகப் போவுது.”

“எந்த கார்டுப்பா? உழவர் கார்டா?”

“நீங்க விவசாயியா மேடம்?”

“இறால் புடிக்கிறவங்க.”

அவன் சற்றுக் குழம்பினான். பக்கத்துக் கூடைக்காரிகள் நாலைந்து பேர் கூடி, கடலுக்குப் போகிறவருக்கு அந்த அட்டை எப்படி வந்தது என்று விளக்கினார்கள். அப்படியே, கண்ணாடி போட்டிருந்த அக்கா பதினாறு இலக்கத்தையும் வாசித்துவிட்டாள். பின்பக்கத்து மூன்று இலக்கம் செதிலுக்கு அடியில் இருந்தது. அதையும் சுரண்டிச் சொன்னாள். அட்டைதாரர் சேவை என்றால் இதுதான்.

“இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“அது எம் புள்ள போனுக்குப் போவும். அவன் முகத்துவாரம் தாண்டிப் போயிட்டான், டவர் கெடைக்காது. சாயங்காலம் கரைக்கு வருவான், அப்ப பண்ணு நைனா. சாப்டியா?”

போன் வைக்கப்பட்டது.

ஓடிபி நடுக்கடலில் நின்றதால் இந்த முறை தப்பித்தோம். ஆனால் சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் விவரங்களே போதும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2020-ல் விதி போட்டது: புதிய அட்டை இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை எந்திரத்திலும் மட்டும் வேலை செய்யும், ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது எல்லாம் நாமாகக் கேட்டால்தான் திறக்கும். கேட்காமலிருப்பது சித்திக்கு நல்லது. தட்டிச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் நம்பரே வேண்டாமே.

2017-ல் வந்த இன்னொரு விதியும் உண்டு. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் பணம் போனால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நாமே எண்ணை வாசித்துக் காட்டியிருந்தால் கதை வேறு: புகார் கொடுக்கும்வரை போனது நம் பணம், கொடுத்தபின் போனால் வங்கி பாடு. ஆக, சண்டையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் வங்கிக்கும் சைபர் குற்றப் போலீஸ் உதவி எண்ணான 1930-க்கும் போன் போட வேண்டும்.

இதையெல்லாம் சித்திக்குப் பொறுமையாகச் சொன்னேன். அட்டையை முடக்கிப் புதிது வாங்கினோம். படகு எண் கூடாது, வேறு வை என்றேன். அதற்கும் ஒப்புக்கொண்டாள்.

“நீயே ஒரு நம்பர் சொன்னியே, போலீஸ்காரங்க நம்பர். மறக்கவே மறக்காது. அதையே வெச்சிட்டேன்.”