$டி2: ஒரு மறுவாசிப்பு

பாகாயத்தில் குடியிருந்து, ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றின் ஆபீஸில் எக்செல் ஷீட் போடுகிற எனக்கு டாலர் இரண்டு வகைப்படும். ஒன்று பேங்க் டாலர். பையர் ஆர்டர் கொடுத்த அன்று ஒரு விலை, சரக்கு கப்பல் ஏறும் அன்று வேறு விலை; ஒரு நாளும் நின்றதில்லை. மற்றது ஷீட் டாலர். எழுத்துக்கு முன்னால் இட்டால் அந்தக் காலம் அசையாது. ஆக, டாலர் காலத்தை நிறுத்தும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். (காலம் என்றது இங்கே நெடுக்கு வரிசையை; எனினும் சிலேடை தள்ளத்தக்கதன்று.)

இந்த டாலரின் களம், நிபந்தனை பொருந்தினால் செல்லுக்கு நிறம் பூசும் கண்டிஷனல் ஃபார்மட்டிங். அது எக்செல் 97-இல் தோன்றியது. எக்செல் 2007 வரும்வரை ஒரு செல்லுக்கு மூன்றே நிபந்தனைகள் என்பதால் அந்நாட்களை முப்பால் காலம் எனலாம். இன்று கணினியின் நினைவகம் தாங்கும்வரை போட்டுக்கொண்டே போகலாம்.

நான் அதில் இட்ட விதியின் மூல பாடம் இது: =ஆண்ட்($டி2<டுடே(),$இ2=""). டி-யில் ஷிப்மெண்ட் தேதி, இ-யில் அனுப்பிய தேதி. கெடு தாண்டி, சரக்கும் போகாவிட்டால் வரிசை முழுதும் சிவக்க வேண்டும். எஃப்4-ஐத் தட்டத் தட்ட நான்கு பாடபேதங்கள் கிட்டும். மவுஸால் செல்லைத் தொட்டு எழுதுவோருக்கு வாய்ப்பது $டி$2. அப்போது எல்லா ஆர்டரும் முதல் ஆர்டரின் தலையெழுத்தையே அனுபவிக்கும். டாலரே இல்லாத டி2 இன்னும் மோசம்: ஏ காலம் டி-யைப் பார்க்கும், பி காலம் இ-யைப் பார்க்கும். வெற்றுச் செல்லை எக்செல் பூச்சியம் என்று கொள்வதால், பூச்சியம் இன்றைய தேதியைவிடச் சிறியது என்று ஷீட்டில் அங்கங்கே தேமல் படரும்.

இனி களஆய்வு. சென்ற மாதம் நான் தலைப்பு வரிசையையும் சேர்த்து ஏ1-லிருந்து செலக்ட் செய்துவிட்டு, ஃபார்முலாவில் மட்டும் 2 என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருப்பவனின் குற்றத்துக்குச் சிவந்தது. காலையில் போன் வந்தது.

"என்னா சார், நேத்தே அனுப்புன ஜோடிய செவப்பாக்கி வெச்சிருக்கீங்க?"

உண்மையில் நின்றுபோன ஆர்டர் அதற்கு அடுத்த வரிசையில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. முதல் ஆர்டரும் தாமதம் என்பதால் தலைப்பே சிவந்துவிட்டது. அதை டிசைன் என்று நினைத்து ஒருவர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

நிறம் பார்ப்பதில் எங்கள் பகுதி தேர்ந்தது. குரோமில் பதனிட்ட தோல் ஈரநீலமாக வரும். வெட் ப்ளூ என்ற பெயரே அப்படி வந்ததுதான். அந்த நீலம் தோலுக்குள் ஊறியது. ஷீட்டின் சிவப்போ வெறும் மேல்பூச்சு: கவுண்ட்இஃப் போட்டால் சிவந்தவை எத்தனை என்று சொல்லாது, நிபந்தனையை மறுபடி எழுதித்தான் எண்ண வேண்டும். போதாததற்கு டுடே() தினமும் நகர்கிறது. ஞாயிறு லீவ் முடிந்து திங்கள் திறந்தால், யார் கையும் படாமலே இரண்டு ஆர்டர் கூடச் சிவந்திருக்கும். மேனேஜர் என்னைத்தான் பார்ப்பார்.

ஷீட் போடும் அன்பர்களே, விதியைத் திறக்குமுன் தலைப்பை விட்டுவிட்டு ஏ2-லிருந்து செலக்ட் செய்யுங்கள். ஃபார்முலாப் பெட்டிக்குள் இடது அம்புக்குறியை அழுத்தாதீர்கள், வேறு செல்லின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் எஃப்2-ஐத் தட்டுங்கள்.