ஆறாம் பரிசு எவ்வளவு?

ஆறாம் இடத்தில் வெளியே போனவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊரில் இருப்பவர்கள், இல்லாதவர்கள் எல்லாரையும் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பணம் எனக்கு வரவேண்டியது இல்லை. கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பலில் நடந்த போக்கர் டோர்னமெண்டில் ஒன்பதாம் இடத்தில் எழுந்து வந்தவன் நான். என் பங்கு கைக்கு வந்து, செலவும் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கடைசி மேசையில் ஒரு கை வந்தது. என்னிடம் ஜோடிப் பத்து. எதிரே இருந்த சிவப்புச் சட்டைக்காரர் தன்னிடமிருந்த சிப்ஸையெல்லாம் நடுவில் தள்ளினார். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கவிழ்த்தது சரிதான். சரி என்பதைக் கணக்கு போட்டுக் காட்டத்தான் பரிசுப் பட்டியல் வேண்டும்.

ஆடும்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, முடிந்த பிறகு மாதக்கணக்கில் பேசுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் திருக்காட்டுப்பள்ளியில் இருபத்தெட்டு ஆடிய திண்ணைகள் எல்லாம் இடிந்து மாடியாகிவிட்டன. பேச்சு மட்டும் இடியவில்லை. என் பெரியப்பா, தன் ஆட்டக் கூட்டாளியின் காரியத்துக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு சொன்னார்: “தங்கமான மனுஷன். ஆனா அன்னிக்குத் துருப்பை முன்னாடியே திறக்கச் சொல்லியிருக்கணும்.”

அவர் காலத்தில் இதற்கு வாய் போதும். இப்போது கணினி வேண்டியிருக்கிறது. ஐசிஎம் என்று ஒரு கணக்கு, சிப்ஸ் குவியலின் பண மதிப்பைச் சொல்வது. 1973இல் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்துக்காகப் போட்டது; 1987இல் மேசன் மால்முத் அதைச் சீட்டு மேசைக்கு இழுத்துவந்தார். மூன்று பேர் மிச்சம் என்று வையுங்கள். உங்களிடம் பாதி சிப்ஸ், மற்ற இருவரிடம் 30 சதவீதமும் 20 சதவீதமும். மொத்தப் பரிசு 10,000 ரூபாய். பாதி சிப்ஸ் இருந்தால் பாதிப் பணம் என்றுதானே தோன்றும்? பரிசு 5,000, 3,000, 2,000 என்று பிரிந்தால் உங்கள் குவியலின் மதிப்பு 3,839 ரூபாய்தான். அதே பத்தாயிரம் 8,000, 1,500, 500 என்று பிரிந்தால் 4,589. முதலாமவருக்கே வாரிக் கொடுக்கிறார்கள் என்றால் துணிந்து இறங்கலாம். கீழே வரைக்கும் பரவலாகக் கொடுத்தால் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஆக, பட்டியல் இல்லாமல் நான் கெட்டிக்காரனா கோழையா என்று சொல்ல ஆண்டவனாலும் முடியாது.

அந்தப் பட்டியலைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். வருகிறேன்.

லாஸ் வேகஸ்காரர்களிடம் இந்தத் தொல்லை கிடையாது. 2023 உலகப் போக்கர் போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர், ஜெயித்தவர் டேனியல் வைன்மன், அடிமட்டப் பரிசு 15,000 டாலர் என்று குடமுருட்டிக் கரையில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடிகிறது. மறு வருஷம் இரண்டரை லட்சம் டாலர் கட்டி ஆடும் ஆட்டத்தில் பெங்களூரு சந்தோஷ் சுவர்ணா 54 லட்சம் டாலர் வென்றார். அதுவும் தெரியும். ஆன்லைனில் ஆடியபோதும் விவரமெல்லாம் திரையிலேயே நின்றது. ஆனால் அது நிலைக்கவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்றது. 2025இல் தமிழக அரசு, திறமையைக் காட்டலாம், ஆனால் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காட்டக்கூடாது என்று விதி போட்டது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே மூடிவிட்டது. அதனால்தான் கோவா வரை ரயில் ஏற வேண்டியிருக்கிறது. திரும்பும்போது அது வேளாங்கண்ணி ரயில். பெட்டி முழுக்க வேண்டுதலோடு வருகிறவர்கள், ஜெபமாலை உருட்டுகிறார்கள். நடுவில் நான் ஒருத்தன் ஜோடிப் பத்தை உருட்டிக்கொண்டு வந்தேன்.

இதே நம் பக்கத்துக் கபடிப் போட்டி நோட்டீஸைப் பாருங்கள். முதல் பரிசு இவ்வளவு, வழங்குபவர் இன்னார், அவர் இன்னாரின் மைத்துனர். நாலாம் பரிசு வரை போட்டு, கோப்பை கொடுப்பவர், நுழைவுக் கட்டணம், சோறு போடுபவர் வரை அச்சடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். மழையில் நனைந்து பாதி கிழிந்தாலும் நாலாம் பரிசு தெரியும். கப்பலில் குளிர்சாதனம் உண்டு, கோட்டு போட்ட ஆட்கள் உண்டு. ஆறாம் பரிசு மட்டும் தேவரகசியம்.

முதல் வழி, நடத்தியவர்களையே கேட்பது. கேட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மை வந்தது. மறுபடி கேட்டேன். ஒரு போட்டோ வந்தது. ஜெயித்தவர், சிவப்புச் சட்டைக்காரரேதான், பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் டிவி. டிவியில், ஆமாம், பரிசுப் பட்டியல்! பெரிதாக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வரை பளிச்சென்று தெரிகிறது. ஐந்திலிருந்து கீழே அவர் பிடித்திருக்கும் அட்டைக் காசோலை மறைக்கிறது.

இந்த அட்டைக் காசோலையைப் பற்றி நான் ரொம்ப நாளாகவே பேச வேண்டும் என்றிருந்தேன். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து வயிறு வளர்த்தவன் நான். காசோலை என்றால் 202 மில்லிமீட்டர் நீளம், 92 மில்லிமீட்டர் உயரம். சிடிஎஸ் 2010 விதி அப்படித்தான். இது ஆறடி. தேதி இல்லை. 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். தேதியே இல்லாத இதற்கு எந்த மூன்று மாதம்? தொகையை எழுத்தால் எழுதவில்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குளிர்பானத்தின் படம். இடது மூலையில் இரண்டு கோடு போடவில்லை, ஆகவே இது திறந்த காசோலை. தூக்க முடிந்தவன் மாற்றிக்கொள்ளலாம். அடியில் காந்த மையில் எண் இல்லை. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் எழுதியவர் வங்கிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் ஏற்பாடு 2021இலிருந்து இருக்கிறது, யார் சொன்னார்கள்? கிளியரிங்குக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும். இந்த நீளத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஸ்கேன் அறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, நான்தான் ஜெயித்தேன் என்றே வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் இதை எப்படி ஏற்றுவது? “இதென்ன கதவா? லக்கேஜ் போடணும், மடிக்க முடியாதா?” என்பார் கண்டக்டர். “காசோலையை மடிக்கக் கூடாதுங்க” என்று நான் சொல்ல, பூதலூர் வரைக்கும் பஸ்ஸே அதைப் படித்துக்கொண்டு வரும். தொகை தெரிந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரர் தன் மகள் கல்யாணச் செலவைச் சொல்ல ஆரம்பிப்பார். அட்டையில் இருப்பது வரிக்கு முந்திய தொகை, 30 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்கள் என்று யாரிடம் விளக்குவது? வீட்டுக்குள் நுழையாது. நுழைந்தால் பீரோவுக்குப் பின்னால் போகும். ஐப்பசி அடைமழையில் கோழிக் கூண்டுக்குக் கூரையாகும், தொகை வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி. இந்தக் காசோலை பணம் இல்லாமல் திரும்பினால் 138ஆம் பிரிவில் வழக்கு போடலாமா? சாட்சிக் கூண்டில் என்னை நிறுத்துவார்களா, அட்டையை நிறுத்துவார்களா?

இவ்வளவும் எதற்கு? ஒரு போட்டோவுக்கு. அந்தப் போட்டோவிலும் மறைக்கக் கூடாததை மறைத்துக்கொண்டு.

இரண்டாம் வழி, குத்துமதிப்பு. சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். “மாமா, அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் நாமளே குத்துமதிப்பாப் போட்டுக் கணக்குப் பார்த்துடலாம். மொத்தப் பணம் தெரியுமே?” என்றான். போட்டான். கவிழ்த்தது தப்பு என்று வந்தது.

“மாப்ள, குத்துமதிப்பு சரியில்ல. ஆறாவதுக்குக் கொஞ்சம் ஏத்திப் போடு.”

ஏற்றினான். சரி என்று வந்தது. “அப்ப இதையே வச்சுக்கலாமா மாமா?” என்றான். அந்தக் குரலில் ஒரு நக்கல் இருந்தது. எனக்கு நக்கல் பிடிக்காது. உண்மையான பட்டியல் வராமல் விடமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் வழி, கூட ஆடியவர்கள். நேற்று ராத்திரி, அதே மேசையில் ஆடிய ஒருவர் வேறொரு கோணத்தில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அட்டையை யாரோ ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஜெயித்தவரோடு அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், மாமனார் நிற்கிறார்கள். டிவி முழுசாகத் தெரிகிறது, மாமனார் நிற்கும் இடம் தவிர. மாமனார் நல்ல உயரம்.