துருகூட ஒரிஜினல்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, அப்புறம் பொம்மையார்பாளையம். மீன் வலையும் ரிசார்ட் போர்டும் பக்கத்துப் பக்கத்தில் காயும் இந்த ஊர்ப்பக்கம் ஒரு ஓலைக் கொட்டகை, அதற்குள் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார், காரை ஒட்டி கையில் ஸ்பேனரோடு ஒருவர். பெயர் எதற்கு, ஓப்பன் கார் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். கேட்காமலேயே சொல்வார்: “வர்ற பொங்கலுக்கு வண்டி ரோட்டுக்கு வந்துடும்.” எந்த வருஷத்துப் பொங்கல் என்று கேட்பது நாகரிகமில்லை.

அண்ணனின் மனசு இருப்பது அமெரிக்காவில். கூரையில்லாத ஃபோர்டு மஸ்டாங்கின் படம் செல்போனில் எப்போதும் இருக்கும். அந்த வண்டி 1964 ஏப்ரலில் வெளிவந்தது. மதராஸில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டு கம்பெனியோ, அதற்குப் பத்து வருஷம் முன்பே கடையைக் கட்டியிருந்தது. வெளியிலிருந்து பாகம் கொண்டுவந்து பூட்டுவது போதாது, இங்கேயே செய்கிறாயா இல்லையா என்று சர்க்கார் கேட்டதன் விளைவு. ஆகவே அமெரிக்கா தொடை தட்டிய காலத்தில் நமக்கு வாய்த்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அண்ணனிடம் நிற்பது வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சின் 948 சிசி. அந்தக் கால மஸ்டாங்கின் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 4.7 லிட்டர். ஐந்து ஹெரால்டு சேர்ந்தால் ஒரு மஸ்டாங் என்று நான் கணக்குச் சொன்னபோது அண்ணன் முகம் வாடவில்லை. “பெட்ரோல் எவ்ளோ மிச்சம் பாத்தீங்களா” என்றார்.

ஹெரால்டைக் குறைத்துச் சொல்லவும் மனசு வரவில்லை. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உருவம் அது. சேஸ் தனி, மேலே உடம்பு தனி, எல்லாம் போல்ட்டில் நிற்பவை. திறப்பது பானெட் மட்டுமில்லை, மட்கார்டும் விளக்குமாக முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து எஞ்சினைக் காட்டும். கூரையும் போல்ட்தான். கழற்றினால் ஓப்பன் கார். தமிழ்நாட்டில் எத்தனையோ ஹெரால்டுகள் இப்படித்தான் தலையிழந்தன. அண்ணன் கழற்றிய கூரை கொல்லையில் கோழிக்கூண்டாக இருக்கிறது. கூரை போனதிலிருந்து கதவு சாத்த வருவதில்லை. சாத்தினால் திறப்பதில்லை.

இந்தக் கடற்கரையில் பழைய காரோடு மல்லுக்கட்டுவதில் உள்ள சிக்கலை உப்பளத்துக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். மரக்காணத்தில் வெயிலும் காற்றும் இருந்தால் உப்பு விளையும், மழை வந்தால் வேலை நிற்கும். மழைக்காலத்தில் பாத்திக்காவது ஓய்வு உண்டு. அண்ணனின் தகரத்துக்கு அதுவும் இல்லை. வெயில் காலத்தில் கடல்காற்று உப்பைப் பூசிவிட்டுப் போகும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகரத்திலேயே பிடித்துவைக்கும். இரும்பில் ஏறும் துரு பொருக்குப் பொருக்காக உதிர, அடியிலுள்ள புது இரும்பு அடுத்த தவணைக்குத் தயாராகிவிடும். அண்ணன் முன் மட்கார்டில் பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து நிமிர்வதற்குள் பின் மட்கார்டு இத்துப்போயிருக்கும்.

கோட்டக்குப்பத்து டிங்கர் பாய் ஒருமுறை வந்தார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்கு ஓங்கிய கையை இறக்கிவிட்டார்.

“அண்ணே, தட்டுறதுக்குத் தகரம் வேணும்ல? இங்க பெயிண்ட்டுதான் நிக்குது.”

“பெயிண்ட்டே அவ்ளோ ஸ்ட்ராங்கு பாய்.”

அண்ணனுக்குத் திருவிழா என்றால் சனி, ஞாயிறு. சென்னையிலிருந்து வரும் கூட்டம் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கும். அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் வெளியே வரும். 2021-இல் வந்த விண்டேஜ் வண்டி விதி. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்து. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. “நம்ம வண்டி இதுவரைக்கும் இதை மீறினதே இல்ல” என்பார். சேஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்ற வரி வரும்போது குரல் சற்றே கம்மும். கூட்டத்தில் யாராவது கூரையைப் பற்றிக் கேட்டுவிட்டால், “ஒரிஜினலா இருக்கணும்னு சொல்றான். என் வண்டியில துருகூட ஒரிஜினல் தம்பி” என்று முடித்துவிடுவார்.

வாங்க ஆள் வராமலில்லை. வாசலில் பூந்தொட்டி வைத்து அழகுபார்க்க ஒரு ரிசார்ட்டுக்காரர் நல்ல விலையே சொன்னார். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. விலை போதாது என்பதனால் இல்லை. விற்றுவிட்டால் சனிக்கிழமை என்ன செய்வது? வண்டி முடிந்து ஓடினாலும் அதே கேள்விதான். ஓடுகிற காரை எவன் நின்று பார்க்கிறான்? இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. வீட்டம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

போன மாதம் திண்டிவனம் பக்கம் ஒரு காயலான் கடையில் இன்னொரு ஹெரால்டு கிடைத்தது. ஸ்பேருக்கு என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றிவந்தார். இறக்கி, சுற்றிவந்து, குனிந்து அடியில் பார்த்தார்.

“இதோட சேஸ் அதவிட நல்லாருக்கே. இத ரெடி பண்ணிட்டு அத ஸ்பேரா வச்சுக்கலாம் போல.”

“ஏங்க, இதுக்குக் கூரை இருக்கே?” என்றார் வீட்டம்மா.

“கழட்டிடலாம்.”

“அப்ப வாத்தும் வளக்கலாம்.”