தற்காலிக வீடு போடும் துரைமாருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

கனம் துரைமாரே,

உங்களைத் துரை என்று விளிப்பதற்கு மன்னிக்க வேண்டும். அனர்த்தம் வந்தால் சனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கொழும்பில் உட்கார்ந்து திட்டம் போடும் நீங்கள் பணிப்பாளரா, மேலதிகச் செயலாளரா, ஆலோசகரா என்பது இந்த மலைக்கு இன்னும் எட்டவில்லை. வீட்டு விஷயமாக எங்கள் பாட்டன் காலத்திலிருந்து யாரைக் கேட்கப் போனாலும், கடைசியில் ஒரு துரை முன்னால்தான் கைகட்டி நிற்கும்படி ஆகியிருக்கிறது. பழக்கதோஷம்.

குறை சொல்ல வரவில்லை. பாராட்டத்தான் எழுதுகிறேன். தற்காலிக வீடு போடும் கலையில் உங்களை வெல்ல உலகத்தில் ஆளில்லை. அது உங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் என் மனவருத்தம்.

ஜப்பானைப் பாருங்கள். 1995 ஜனவரியில் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது 48,300 தற்காலிக வீடுகள் போட்டார்கள். இரண்டு வருடத்தில் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசிக் குடும்பம் வெளியேற ஐந்து வருடம் பிடித்தது. அதற்கே வெட்கப்பட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதித் தள்ளினார்கள். ஐந்து வருடமாம்! எங்கள் லயத்தை அவர்களில் யாரும் வந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து, நடந்து வந்து, கோப்பிப் பழம் பறித்துக் கொடுத்துவிட்டு, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புகிற ஆட்களுக்காகப் போட்ட கொட்டகை அது. ஒரே கூரை. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். 10 அடிக்கு 12 அடி. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது, கொஞ்ச வருடத்தில் கோப்பியே ஒழிந்தது. தேயிலை வந்தது. வெள்ளைக்காரன் போனான். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் மறுபடியும் கம்பெனிகளின் கையில் கொடுத்தது. பாட்டன்மார் வந்து 200 வருடமானதை 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போய் நினைவுகூர்ந்தோம். திரும்பி வந்து பார்த்தால் லயம் அங்கேயே நிற்கிறது. ஒரு பருவத்துக்குப் போட்ட கொட்டகையில் பேரனின் பேரனுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறோம். ஜப்பான்காரனால் முடியுமா?

ஆனால் உங்கள் முழுத் திறமையும் வெளிப்பட்டது மண் சரிந்தபோதுதான். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் சொன்னது, 2011இலும் சொன்னது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பிறகு கொழும்பிலிருந்து வந்த விளக்கத்தை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து ரசிக்கிறேன்: எச்சரித்திருந்தோம், சனம்தான் எழும்பிப் போகவில்லை. வாஸ்தவம். போகவில்லை. எங்கே போவது என்பதை மட்டும் எச்சரித்தவர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். காம்பராவை விட்டுத் தூரமாய்ப் போனால் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு வந்துசேர முடியாது. பெரட்டுக்கு வராதவருக்குப் பேர் இல்லை, பேர் இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை. சரி, பக்கத்து மேட்டிலாவது ஒரு குடிசை போட்டுக்கொள்வோம் என்றால் அந்த மேடு கம்பெனியின் குத்தகை. மலை நகர்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாங்கள் கேட்க வேண்டியிருந்தது.

தப்பியவர்களை முதலில் பாடசாலைகளில் வைத்தீர்கள். இது எந்த அனர்த்தத்திலும் நடப்பதுதான். மழை, வெள்ளம், மண்சரிவு எது வந்தாலும் நம் நாட்டில் முதலில் லீவு விடப்படுவது பாடசாலைக்கு, முதலில் நிரம்புவதும் பாடசாலை. அந்த வருடம் டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. எழுத வேண்டிய பிள்ளை அதே வகுப்பறையில் குடும்பத்தோடு பாய் விரித்துப் படுத்திருக்கிறது. வரவு நூற்றுக்கு நூறு. இப்படி ஒரு வருகைப் பதிவை எந்தக் கல்விப் பணிப்பாளரும் கண்டிருக்க மாட்டார்.

அடுத்ததாகப் பூனாகலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த யோசனை யாருக்கு வந்ததோ அவருக்கு ஒரு மாலை போட வேண்டும். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, தரம் பிரித்துக் கட்டுகிற கட்டடத்தில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தால் அவர்களுக்கும் அதே வரிசையில் எல்லாம் நடக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நடந்தது.

இந்த மாதிரிக் கட்டடத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று உங்கள் திட்ட அறிக்கையில் இருக்காது, ஆகவே சொல்லிவைக்கிறேன். சுவர் என்பது கயிற்றில் போட்ட சேலை. இந்த மூலையில் ஒரு பிள்ளை இருமினால் எட்டாவது குடும்பத்துக் கிழவி, “கொத்தமல்லி அவிச்சுக் குடுடி” என்று படுத்தபடியே வைத்தியம் சொல்லுவாள். புருஷன் பெண்சாதி சண்டையை இரகசியமாகப் போட வேண்டும், ஆகையால் சண்டை நடக்காது, ஆகையால் மனக்கசப்பு தீராது. பிள்ளை பெரிய மனுஷியானால் தனியே உட்காரவைக்க ஒரு மூலை தேடிப் பக்கத்துக் குடும்பத்தை இரண்டு முழம் நகரச் சொல்ல வேண்டும். இரவில் கக்கூசுக்குப் போகிற பெண்பிள்ளைக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு துணைக்கு ஒருத்தி, அந்தத் துணைக்கு இன்னொரு துணை. விறகடுப்பு வைக்க அனுமதி இல்லை. பார்சல் சோறு வரும்போது பதினொரு மணியும் இருக்கும், மூன்று மணியும் இருக்கும். படம் பிடிக்கிறவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் சரியாகப் பன்னிரண்டு.

2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளித்தீர்கள். சரியாக இரண்டு வருடம். ஜப்பான் சட்டத்தை வாசித்துவிட்டீர்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

உங்கள் கொள்கையை வெளியில் தப்பாகப் பேசுகிறார்கள். நான் அவர்களிடம் வாதாடுகிறேன். தற்காலிக வீட்டை வசதியாகப் போட்டுக் கொடுத்தால் சனம் அதிலேயே குடியிருந்துவிடும், எழுப்ப முடியாது. ஆகவே வெயிலில் வேகவேண்டும், மழையில் ஒழுகவேண்டும், அப்போதுதான் போகிற எண்ணம் வரும் என்பது உங்கள் தத்துவம். இதில் பிழையே இல்லை. ஆதாரம் வேண்டுமா? முன்னாள் ஜனாதிபதிமாரைக் கொழும்பில் அரசாங்க வீடுகளிலிருந்து எழுப்புவதற்கு 2025இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த வீடுகளுக்குத் தகரக்கூரை போட்டு, கக்கூசை இருநூறு யார் தள்ளி வைத்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. தத்துவத்தைத் தப்பான இடத்தில் பிரயோகித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். லயத்தில் கூரை ஒழுகத் தொடங்கி எவ்வளவோ காலம். யாரும் எழும்பிப் போகவில்லை. ஒழுகாத இடத்தில் எங்களுக்கு ஓர் அங்குலம்கூட இல்லாதபடியால் தத்துவம் வேலை செய்யவில்லை.

கடற்கரையிலும் உங்கள் கைவரிசையைப் பார்த்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, திரும்பக் கட்டக்கூடாத எல்லை என்று தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு போட்டீர்கள். தமிழ், முஸ்லிம் கரையில் அலைக்கு இரட்டிப்பு மரியாதை. அந்தக் கோட்டை அழிப்பதா தளர்த்துவதா என்று நீங்கள் யோசித்து முடிக்கும்வரைக்கும் மீன்பிடிக்கிறவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டிலில் இருந்தான்.

எங்கள் பக்கம் இன்னும் விசேஷம். கொட்டகையின் தகரம் ஒன்று காற்றில் பறந்துவிட்டது என்று வையுங்கள். காணி அரசாங்கத்துடையது. குத்தகை கம்பெனியுடையது. கொட்டகை நன்கொடை கொடுத்தவர்களுடையது. தலையில் விழுகிற மழை மட்டும் எங்களுடையது. கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார், செயலகம் தோட்டத்தைக் காட்டும், தோட்டத்துத் துரை கொழும்பு ஹெட் ஆபீசைக் காட்டுவார். பிரதேச சபையிடம் போகலாமென்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புக்கு அவர்கள் காசு செலவழிக்க வழியிருக்கவில்லை. வாக்குக் கேட்டு வரலாம், அதற்குத் தடையில்லை. அந்தச் சட்டத்தைத் திருத்த 2018 வரை பொறுத்திருந்தீர்கள். 31 வருடம் என்பது உங்கள் கணக்கில் தற்காலிகம்தானே.

இப்போது புதிய யோசனை ஒன்று நடமாடுகிறது: கொட்டகையே வேண்டாம், வாடகை கொடுத்துவிடலாம். 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது கேரள அரசாங்கம் வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 6,000 இந்திய ரூபாய் வாடகை கொடுத்தது. நகரத்து ஆட்களுக்கு நல்ல ஏற்பாடு. தோட்டத்தில் அதை அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வாடகைக்கு வீடு இருப்பது பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ. பெரட்டு காலை ஏழு மணிக்கு மலை உச்சியில். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஓட்டோவுக்குக் கொடுத்தால் கொழுந்தெடுத்த காசு ஓட்டோக்காரனுக்கு. தோட்டத் தொழிலாளி என்றதும் முன்பணத்தை ஏற்றிச் சொல்கிற வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவரும் அநேகமாக யாரோ ஒருவரின் லயத்துப் பேரன்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தது. பூங்காக்களில் 5,610 சின்ன மரக்குடில்கள் போட்டார்கள். மாதம் 2 டொலர். மொத்தம் 50 டொலர் கட்டினால் குடில் குடியிருப்பவருக்கே சொந்தம். முகாமை மூடுகிற நாள் வந்தபோது சனம் என்ன செய்தது தெரியுமா? குடிலை அப்படியே குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தங்கள் தங்கள் காணித் துண்டுக்குப் போய்விட்டது. இரண்டு மூன்று குடிலை ஒட்டவைத்து வீடாக்கியவர்களும் உண்டு. சில இன்றும் நிற்கின்றன. அதாவது அந்தத் தற்காலிகத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அந்த முடிவுக்கு ஒரு காணித் துண்டு இருந்தது. இந்தக் கதையைத் தயவுசெய்து உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் எந்தக் கத்துக்குட்டியாவது, “ஐயா, அப்போ முதலில் காணியை அளந்து கொடுத்துவிட்டு அதற்கு மேலேயே கொட்டகையைப் போட்டால் என்ன?” என்று கேட்டுவைப்பான். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்று 2015இலிருந்து சொல்லிவருகிறீர்கள். அந்த ஏழு பேர்ச்சஸில் மழைக்கு முன்னாலேயே நான்கு கட்டை அடித்து வைத்திருந்தால், மலை சரிகிற அன்றைக்குச் சனம் தன் கட்டைக்குப் போகும். தகரக் கொட்டகை பின்னால் வீடு எழும்பும்போது குசினியாகிவிடும். முகாம் இருக்காது, திறப்பு விழா இருக்காது. உங்கள் பதவிக்கே ஆபத்து.

எந்த மலை சரியும், எந்த மேடு நிற்கும் என்கிற வரைபடம் கட்டட ஆராய்ச்சிக்காரர்களிடம் கலர் கலராக இருக்கிறது. அதில் எங்களுக்கு வருகிற கலர் எதுவென்று நன்றாகத் தெரியும். நிற்கிற மேட்டில் தேயிலை நடுகிறார்கள், சரிகிற மடியில் லயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாடு முழுக்கச் சரிந்தபோதும் அந்த வரைபடம் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னும் ஒன்று, இதில் பகிடி இல்லை. வீடுகளைக் குலுக்கல் முறையில் பகிர்ந்துவிடாதீர்கள். கோபேயில் வயதானவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துச் சீட்டுக் குலுக்கினார்கள், நியாயமாகத்தான் செய்தார்கள். அயலட்டை சிதறிப்போனது. அந்தத் தற்காலிக வீடுகளில் 200க்கு மேற்பட்டவர்கள் தனியே கிடந்து இறந்தார்கள். எங்கள் மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் பைப்படியில் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்த நாளில்லை. ஆனால் மேட்டு லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி தூக்க வருவது பணிய லயம்தான். ஆட்களை எங்கே வைத்தாலும் அந்தச் சண்டையோடு சேர்த்து வையுங்கள்.

பதில் போடுவதாக இருந்தால் ஒரு விபரம். எங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதினால் ஆபீசுக்கு வரும். அங்கே பிரித்து, பெயரைச் சத்தமாக வாசித்துக் கொடுப்பார்கள். ஆகவே ஊரே கேட்கக்கூடியதாக எழுதுங்கள். ஒக்டோபர் மழைக்கு முந்தி அனுப்பினால் பணிய லயம், 7ஆம் நம்பர் காம்பரா. பிந்தினால் தோட்டப் பாடசாலை, தரம் 6 வகுப்பறை, யன்னல் ஓரம்.

இப்படிக்கு,
தற்காலிகமாகத் தங்கியிருக்கும்
பதுளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவன்