ஆசனவியல் நோக்கில் ரோல்ஸ் ராய்ஸும் ஜீப்பும்: லோத்குண்டாவை முன்வைத்து ஓர் ஆய்வு

வண்டியை இன்ஜினை வைத்து எடைபோடுவது பாமரர் வழக்கம். உட்காரும் இடம் எவ்வளவு உசத்தியோ, வண்டி ஓடும் தூரம் அவ்வளவு குறையும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களம், செகந்திராபாத்தில் திருமலகிரிக்கும் அல்வாலுக்கும் நடுவே கரீம்நகர் சாலையில் இருக்கும் லோத்குண்டா. ராணுவத்தின் மின்னணு, இயந்திரவியல் கல்லூரி அருகிலேயே இருப்பதால், இங்கே யாருக்கும் ஜீப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

முதல் சான்று அங்கிருந்து தெற்கே, ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது. ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் ஆசைப்பட்டுச் சொல்லிவைத்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். பார்க்கர் கம்பெனி கட்டிய கூடு, அசஃப் ஜாஹி வம்சத்துக்குரிய மஞ்சள் நிறம். 1911இல் அவர் காலமாகிவிட, வண்டி வாய்த்தது மகன் உஸ்மான் அலி கானுக்கு. பின்பக்கம் சிம்மாசனம் போல உயர்த்திய இருக்கை. பணியாளர்களுக்குச் சின்ன இருக்கைகள். ஆறு சிலிண்டர், ஏழு லிட்டருக்கு மேல் கொள்ளளவு. ஓடியதோ சில நூறு மைல்தான் என்கிறார்கள்.

இதே மாடல் 1907இல் 15,000 மைல் சோதனை ஓட்டம் ஓடியதே என்று எதிர்த்தரப்பு கேட்கும். முதல் உலகப் போரில் கவசம் பூட்டி, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ அதைப் பாலைவனத்தில் விரட்டவில்லையா? விரட்டினார். அதில் சிம்மாசனம் ஏது? கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது.

இரண்டாம் சான்று, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். பெட்ரோல் டேங்க் இருப்பது டிரைவரின் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் போட வேண்டுமென்றால் டிரைவர் எழுந்து, குஷனைத் தூக்கி, மூடியைத் திருக வேண்டும். உட்கார்ந்தவனை எழுப்பாமல் இந்த வண்டி ஒரு சொட்டும் குடிக்காது. முன்கண்ணாடியையும் மடக்கிப் போட்டுவிடலாம். மரியாதை என்று அதில் மிச்சம் எதுவுமில்லை. அதனால்தான் ஊர் ஊராக ஓடியது.

இரண்டு சான்றுகளுக்கும் ஓர் உறவுமுறை உண்டு, ஆய்வுலகம் கவனிக்காதது. 1945இல் மஹிந்திரா சகோதரர்களோடு சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனியைத் தொடங்கிய குலாம் முகமது, நிஜாமின் நிதிப் பொறுப்பைப் பார்த்தவர். தேசப் பிரிவினையின்போது அவர் பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சரானார். 1948இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டியது இந்தக் கம்பெனிதான்.

கருதுகோளுக்கு உண்மையான சோதனை இனிமேல்தான். பழைய ஜீப்பை வாங்கி, தோல் சீட்டும் அகல டயரும் பாட்டுப்பெட்டியும் வைத்து, மெழுகு போட்டுத் துடைத்து, மழை வந்தால் ஷெட்டிலிருந்து எடுக்காத கூட்டம் பெருகிவருகிறது. அந்த மைல் கணக்குகள் வந்து சேரும்வரை ஆய்வு தொடரும். நிதி உதவி வரவேற்கப்படுகிறது.