முக்கோணத்துக்குக் குதிரை பூட்டிய கதை

ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருப்பவரிடம் "எவ்வளவு பவர்?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். "எவ்வளவு மைலேஜ்?" என்று கேளுங்கள், உடனே அவருக்கு முக்கியமான வேலை ஒன்று ஞாபகம் வந்துவிடும். இந்த எஞ்சினின் வரலாறு மொத்தமும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

கதாநாயகர் பெலிக்ஸ் வாங்கெல். 1902-ல் ஜெர்மனியின் லார் ஊரில் பிறந்தவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. கிட்டப்பார்வை கடுமையாக இருந்ததால் கடைசிவரை டிரைவிங் லைசென்ஸும் எடுத்ததில்லை. நல்லவர் என்றும் சொல்லிவிட முடியாது. நாஜிக் கட்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர். அங்கே உள்ளூர்த் தலைவரோடு மல்லுக்கட்டி ஜெயிலுக்குப் போனார். அப்புறம் எஸ்.எஸ். படையில் பதவி வாங்கினார். அங்கிருந்தும் வெளியே அனுப்பினார்கள். மனிதர்களோடு ஒத்துப்போகாத இந்த மனிதருக்கு பிஸ்டனோடும் ஒத்துப்போகவில்லை. மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, மறுபடி நிற்கிறது. இதென்ன பிழைப்பு, ஒரே திசையில் சுற்றினால் என்ன என்பது அவர் கேள்வி.

விடை, பக்கங்கள் கொஞ்சம் உப்பிய ஒரு முக்கோணம். பார்ப்பதற்கு அப்படியே சமோசா. நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு முட்டை வடிவ அறைக்குள் இந்தச் சமோசா தள்ளாடிக்கொண்டே சுற்றும். அதன் மூன்று பக்கமும் மூன்று அறைகள். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்போது, இன்னொன்று எரித்துக்கொண்டிருக்கும், மற்றொன்று புகையை வெளியே தள்ளும். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. சுவரில் ஓட்டை, அவ்வளவுதான். மூலை தாண்டினால் ஓட்டை திறக்கும், மறுமூலை வந்தால் மூடும்.

ஜெர்மனியின் என்.எஸ்.யு. கார் கம்பெனியில் முதல் எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஓடியது. வாங்கெலின் அசல் வடிவத்தில் சமோசா மட்டுமல்ல, அதைச் சுற்றியிருந்த அறையும் சேர்ந்து சுற்றியது. வேகம் பிரமாதம். ஒரே சிக்கல், ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, மேதை வாங்கெலுக்குத் தெரியாமல், வெளி அறையை அசையாமல் நிறுத்தி எளிமையான ஒன்றைச் செய்துவிட்டார். இன்று உலகம் ரோட்டரி என்று கொண்டாடுவது அதைத்தான். வாங்கெலுக்குச் சேதி போனதும், என் பந்தயக் குதிரையை உழவு மாடு ரேஞ்சுக்கு இறக்கிவிட்டீர்களே என்ற பொருளில் பொரிந்து தள்ளினாராம். அன்றிலிருந்து இந்த எஞ்சினைத் தொட்ட ஒவ்வொருவரும் அந்த உழவு ஜீவனை மறுபடி பந்தயக் குதிரையாக்கவே பாடுபட்டார்கள்.

முதல் பாடு என்.எஸ்.யு.வுக்கே வந்தது. 1964-ல் ஸ்பைடர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரில் 498 சிசி எஞ்சின் வைத்து 50 குதிரைத்திறன் எடுத்தார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள். 1967-ல் இரண்டு ரோட்டர் வைத்து ஆர்ஓ 80 என்ற அழகுப் பதுமையை இறக்கினார்கள், 115 குதிரைத்திறன். 1968-ன் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டமும் கிடைத்தது. பட்டத்துக்குப் பின்னாலேயே வாரண்டி பில்லும் வந்தது. சமோசாவின் மூன்று மூலைகளிலும் இருக்கும் அபெக்ஸ் சீல் என்ற பட்டைகள் தேய்ந்து, எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. ஆர்ஓ 80 ஓட்டுநர்கள் எதிரெதிரே வந்தால் கையசைக்க மாட்டார்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல் காட்டிக்கொள்வார்கள் என்பது அந்தக் கால ஜெர்மன் நக்கல். 1969-ல் கம்பெனியே வோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் கரைந்துபோனது.

இதற்கிடையே ஜப்பானில், ஹிரோஷிமாவில், டோயோ கோக்யோ என்ற கம்பெனிக்கு வேறு கவலை. மாஸ்டா என்று நமக்குத் தெரிந்த இந்தக் கம்பெனி 1920-ல் கார்க் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. சின்ன கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று அரசாங்க அதிகாரிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் செய்யாத ஒன்றைச் செய்தால்தான் பிழைப்போம் என்று தலைவர் சுனேஜி மாட்சுடா ஜெர்மனிக்குப் போய் உரிமம் வாங்கிவந்தார். பெட்டியைப் பிரித்து எஞ்சினை ஓடவிட்டால், அறைச் சுவரின் உட்புறம் முழுக்கக் கீறல். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் நகக்கீறல்'. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய பொருளுக்குள் சாத்தான் குடியிருந்தது உரிமப் பத்திரத்தில் எழுதப்படவில்லை.

1963-ல் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இந்தச் சாத்தானோடு கட்டிப்போட்டார்கள். எஜமானனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். எண்ணிக்கை ஒன்றாக இருந்ததும், முடிவும் அப்படியே ஆகுமோ என்று சிலருக்குத் தூக்கம் போயிருக்கும். பட்டைகள் ஓடும்போது அதிர்ந்து சுவரைக் கொத்துகின்றன என்று கண்டுபிடித்தார்கள். கடைசியில் கார்பனில் அலுமினியம் ஊட்டிய பட்டை செய்தார்கள். சாத்தான் நகம் வெட்டிக்கொண்டார்.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 982 சிசி, 110 குதிரைத்திறன். அடுத்த வருடமே 128. அந்த 1968-ல், நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டிய மாரத்தான் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று நான்காவதாக வந்தது. இன்னொன்று 82-வது மணியில் நின்றது. எஞ்சின் போச்சு என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம், உடைந்தது அச்சு. எஞ்சினைத் தவிர வேறொன்று உடைந்ததற்காக ஒரு கம்பெனி சந்தோஷப்பட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

இனி தொழில் ரகசியம். சாதாரண எஞ்சினில் பவர் கூட்ட வால்வு, கேம், ஸ்பிரிங், பிஸ்டன் என்று ஒரு கடையையே வாங்க வேண்டும். ரோட்டரியில் ஓட்டையைப் பெரிதாக்கினால் போதும். கையில் கிரைண்டரும் நெஞ்சில் துணிச்சலும் இருந்தால் யாரும் நிபுணர். பக்கச் சுவரில் இருக்கும் ஓட்டையை அளவாக அகலப்படுத்தினால் அது தெருவுக்கான போர்ட்டிங். ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெட்டு போட்டு, நடுவில் ஒல்லியாக ஒரு பாலம் விட்டால் பிரிட்ஜ் போர்ட். பாலத்தை மறந்துவிட்டால் சீல் ஓட்டைக்குள் விழுந்து, எஞ்சின் எடைக்குப் போகும். இதெல்லாம் போதாதென்று சுற்றுச்சுவரிலேயே துளைத்தால் பெரிஃபெரல் போர்ட். பவர் கொட்டும். ஆனால் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், சிக்னலில் நிற்கும்போது வண்டி 'பிராப்... பிராப்...' என்று விக்கிக்கொண்டே இருக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும். ஓட்டுபவருக்கும் அதுதானே வேண்டும்.

இந்தச் சத்தத்துக்கு மயங்கிய ஒரு தீவே இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் பழைய குட்டி மாஸ்டாக்களுக்குள் 13பி என்ற மாஸ்டா ரோட்டரி எஞ்சினைத் திணித்து நேர்கோட்டுப் பந்தயத்தில் பறக்கவிடுவது ஒரு பரம்பரைத் தொழில் மாதிரி. அமெரிக்காவில் ரேசிங் பீட் என்ற பட்டறைக்காரர்கள் 1986-ல் ஆர்எக்ஸ்-7 என்ற மாஸ்டா ரோட்டரி கார் ஒன்றை பானவில் உப்பு வெளிக்குக் கொண்டுபோய், மணிக்கு 383 கிலோமீட்டர் ஓட்டினார்கள்.

நடுவில் ஒரு சின்ன விபத்து நடந்திருந்தது, 1973-ன் எண்ணெய் நெருக்கடி. அதுவரை உலகமே ரோட்டரிக்கு வரிசையில் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலர் உரிம ஒப்பந்தம் போட்டு, நான்கு ரோட்டர் வைத்த ஒரு கார்வெட் காரைக்கூடக் காட்டியது. மெர்சிடிஸ் சி111-ல் மூன்று, நான்கு ரோட்டர் என்று பரிசோதனை நடந்தது. பெட்ரோல் விலை ஏறியதும் எல்லோரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பந்தியில் மிச்சம் இருந்தது மாஸ்டா மட்டும். அதற்கும் வங்கி வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.

சும்மா இருந்தார்களா? 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்தது. 1146 சிசி, ஜப்பானில் 130 குதிரைத்திறன். புகை வழியில் வால்வு இல்லாததால் எரிந்த வாயு சூடாகவும் சீற்றமாகவும் வெளியே பாயும். டர்போவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. 1983-ல் டர்போ வைத்து 165. 1985-ல் 13பி எஞ்சினில் 185, 1989-ல் 205. 1991-ன் எஃப்டி மாடலில் அண்ணன் தம்பி போல இரண்டு டர்போ. முதலில் ஒன்று ஊதும், 4500 சுற்று வாக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 255 குதிரைத்திறன். இந்த முறைவாசலை நடத்த வைத்திருந்த வேக்யூம் குழாய்களின் காட்டைப் பார்த்து அழுத மெக்கானிக்குகள் பல நாட்டிலும் உண்டு. 1999-ல் 280. அதற்கு மேல் போக ஜப்பான் கம்பெனிகளுக்குள் ஒரு கண்ணியமான ஒப்பந்தம் தடையாக இருந்தது. இத்தனைக்கும் கொள்ளளவு 1308 சிசி. இது ஏமாற்று என்று கத்தியவர்களுக்காக ஜப்பான் வரித்துறை அதை 1.5-ஆல் பெருக்கியது. அப்போதும் 1962 சிசி, இரண்டு லிட்டருக்குள் அடக்கம்! கணக்குப் போட்ட மாஸ்டாக்காரருக்குச் சம்பள உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் பவர் ஏற்றியவர்கள் இந்தக் கண்ணியத்தையெல்லாம் மதிக்கவில்லை. டர்போ அழுத்தத்தை ஏற்றினார்கள், பெட்ரோலைக் கூட்ட மறந்தார்கள். நேரத்துக்கு முன்னால் ஒரே ஒரு வெடி, அபெக்ஸ் சீல் இரண்டு துண்டு. பிஸ்டன் எஞ்சின் இருமி, தும்மி, படுக்கையில் கிடந்து சாகும். ரோட்டரிக்கு மாரடைப்புதான்.

பவரை வாயால் ஏற்றிய கதையும் உண்டு. 2003-ல் ஆர்எக்ஸ்-8 அமெரிக்காவுக்கு வந்தபோது 247 குதிரைத்திறன் என்றார்கள். சில வாரத்தில் "மன்னிக்கவும், 238" என்று திருத்தினார்கள். காணாமல் போன ஒன்பது குதிரைகளுக்காக, வேண்டாதவர்களிடமிருந்து காரையே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தார்கள்.

ஆனால் இந்த எஞ்சினின் மானத்தைக் காப்பாற்றிய நாள் அதற்கு முன்பே, 1991 ஜூனில், லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வந்துபோய்விட்டது. மாஸ்டாவின் பந்தயக் கார் 787பி. நான்கு ரோட்டர், 2.6 லிட்டர், 9000 சுற்றில் 700 குதிரைத்திறன். ஒரு ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக், செராமிக் சீல், வேகத்துக்கேற்ப நீண்டு சுருங்கும் காற்றுக்குழாய். அணித் தலைவர் தகயோஷி ஓஹாஷி அதைவிடப் பெரிய டியூனிங்கைக் காகிதத்தில் செய்தார். அதிகாரிகளிடம் பேசிப் பேசி, மெர்சிடிஸும் ஜாகுவாரும் 1000 கிலோ சுமந்தபோது தன் காரை 830 கிலோவில் ஓட அனுமதி வாங்கிவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ரோட்டரிதானே என்று. முன்னால் ஓடிய மெர்சிடிஸ் மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கையில் சூடாகி உட்கார்ந்தது. ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55-ஆம் எண் கார் 362 சுற்று முடித்து வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பான் கார் அதுதான். கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றி மயங்கியதால் மேடையேற முடியவில்லை. எஞ்சின் மயங்கவில்லை.

ஜெயித்ததால் வந்த பொறாமையில் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்று ரசிகர்கள் இன்றும் மேசையைத் தட்டுவார்கள். 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்தான் என்ற புது விதி அந்த வெற்றிக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த வம்சத்து வாரிசு என்ன செய்கிறது? மாஸ்டா எம்எக்ஸ்-30 காரின் 2023-ல் வந்த ரோட்டரி வகையில் 830 சிசி ஒற்றை ரோட்டர், சக்கரத்தைத் தொடாமல், பேட்டரிக்குக் கரண்ட் தயாரிக்கிறது. சுமார் 75 குதிரைத்திறன். வாங்கெல் இருந்திருந்தால் இதற்கும் ஒரு வசவு வைத்திருப்பார்.

ஆக, ரோட்டரியில் பவர் எடுப்பது எந்தக் காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லை. அந்தப் பவரை எடுத்த பிறகு எஞ்சினை மிச்சம் வைப்பதுதான் கஷ்டம். லெ மான்ஸில் ஜெயித்தவர்கள் எஞ்சினிடம் கடைசிச் சொட்டைக் கேட்கவில்லை, 24 மணி நேரத்தைத்தான் கேட்டார்கள். உங்களிடமோ உங்கள் நண்பரிடமோ ஒரு பழைய ஆர்எக்ஸ்-7 வந்து சேர்ந்தால், முதலில் ரேடியேட்டரைச் சரிபாருங்கள், அடுத்து பெட்ரோல் பம்பை. ஆயிலை வாரா வாரம் பாருங்கள். மூலைப் பட்டைகளுக்கு எண்ணெய் விட்டு அதை எரிப்பது அந்த எஞ்சினின் பிறவிக் குணம். இதெல்லாம் முடிந்து பணம் மிச்சம் இருந்தால் கிரைண்டரை எடுங்கள். மிச்சம் இருக்காது.