பிள்ளையைவிட இளைய தாய்

தமிழ் சினிமாவில் கணக்கு வாத்தியாருக்கு வேலை கிடையாது. நம்பாதவர்கள் பண்டரிபாய் நடித்த படங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

அம்மணி பிறந்தது கன்னடச் சீமையின் பட்கல். ஹரிகதை சொல்லிப் பழகிய நாக்கு. அது 1952-ல் ‘பராசக்தி’யில் கைகொடுத்தது. கலைஞர் வசனத்தால் கோர்ட்டையே கிடுகிடுக்க வைத்தாரே குணசேகரன், அவரையே நிறுத்தி வைத்து, “கஷ்டப்படுகிறவள் உன் தங்கை மட்டும்தானா?” என்கிற தோரணையில் புத்தி சொன்ன விமலா இவர்தான். சிவாஜியின் முதல் படத்திலேயே சிவாஜிக்கு வகுப்பெடுத்த பெருமை வேறு யாருக்கு உண்டு?

புத்திமதியோடு விட்டாரா? 1954-ல் ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோ என்ஜினியர் சிவாஜி, படம் தொடங்கியதுமே குண்டடிபட்டுச் சாகிறார். சுட்டது யார் என்று ஊரையெல்லாம் விசாரித்துக் கடைசியில் பார்த்தால், வீட்டுக்காரம்மா! அதே வருஷம் கன்னடத்தில் ‘பேடர கண்ணப்பா’. ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான அந்தப் படத்திலும் ஜோடி இவரே.

இத்தனை சாதித்தவருக்குப் பத்தே வருஷத்தில் கோடம்பாக்கம் பதவி உயர்வு கொடுத்தது: அம்மா! 1964-ல் ‘தெய்வத்தாய்’. பிள்ளை எம்.ஜி.ஆர். அம்மாவைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த பிள்ளை. 1968-ல் ‘குடியிருந்த கோயில்’, இரட்டை வேடம். ஒரு எம்.ஜி.ஆரைப் பெற்றதே உலக அதிசயம், இதில் இரண்டு! அப்போது மகனுக்கு 51 வயது. தாய்க்கு நாற்பதுகூட நிறையவில்லை. மகன் டூயட் பாடிய ஜெயலலிதாவுக்கு 20. தாயின் தலையில் வெள்ளை பூசினால் போதும், மகனின் வயது தானாகக் குறைந்துவிடும். இதுதான் நம் சினிமா கண்டுபிடித்த காயகல்பம்.

1973-ல் ‘கௌரவம்’ வந்தபோது கணக்கு இன்னும் உதைத்தது. பாரிஸ்டர் சிவாஜிக்கு இவர் மனைவி. அந்த வீட்டில் வளர்கிற கண்ணனும் சிவாஜி. ஒரே கூடத்தில் ஒரு சிவாஜிக்குக் காபி, இன்னொரு சிவாஜிக்குக் கண்டிப்பு. அந்த பாரிஸ்டரின் பெயர் ரஜினிகாந்த். விதியைப் பாருங்கள், 1992-ல் ‘மன்னன்’ படத்தில் நிஜ ரஜினிகாந்துக்கே அம்மா! அங்கே மட்டும் வயதுக்கணக்கு சரியாக வந்தது. நாற்பது வருஷம் பொறுத்திருந்தால் எந்தக் கணக்கும் சரியாகிவிடும் போலிருக்கிறது.

2003-ல் பண்டரிபாய் காலமானார். திரையில் அவர் பெற்ற பிள்ளைகளில் ஒருவர் முதலமைச்சர், ஒருவர் சூப்பர் ஸ்டார். அவர்களுக்குக் கட்அவுட் வைத்தோம். அம்மாவுக்கு மட்டும் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

அடுத்த முறை டிவியில் ‘மன்னன்’ படத்து அம்மா பாட்டு வந்தால், தூக்கிச் சுமக்கிற மகனோடு, அவர் கையில் சாந்தமாக இருக்கும் அந்த அம்மாவையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடிகர் திலகத்தையே சுட்டவர்!